காப்டன் சாண்டர்ஸுக்குக் கிடைக்காத நிலம்

1944-ம் வருஷம் நவம்பர் மாதம் 25-ந் தேதி. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தைச் சேர்ந்த சீமூர் என்ற ஊரில் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி முகாம். பயிற்சி முடித்தவர்களுக்கு அன்று லெப்டினெண்ட் பதவி கொடுக்கப்பட்டது. அவர்களில் இருவர் ஒருவருக்கொருவர் கை குலுக்கி வாழ்த்திக் கொள்ளும் புகைப்படம் ஒன்று அந்த நாட்டின் யுத்த நினைவு மண்டபத்தில் இருக்கிறது.

ஒருவர் டாம் டெரிக். நியூகினியில் சாட்டல்பர்க் குன்றைப் பிடித்ததற்காக விக்டோரியா கிராஸ் என்ற மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றவர். வெள்ளைக்காரர். மற்றவர் ரெஜினால்ட் வால்டர் சாண்டர்ஸ். கறுப்பர். அந்த மண்ணின் ஆதிக்குடி. ஆஸ்திரேலிய ராணுவத்தில் முதன்முதலாக அதிகாரிப் பதவிக்கு வந்த ஆதிக்குடி மனிதர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் அவர்தான்.

சாதாரணமாக ஒரு சார்ஜெண்டை லெப்டினெண்ட் ஆக்குவதற்கு அவருடைய பட்டாலியன் தலைவர் சிபாரிசு செய்தால் போதும். சாண்டர்ஸ் விஷயத்தில் பைல் மேலே மேலே போயிற்று. கடைசியில் பிரதம சேனாதிபதி ஜெனரல் பிளேமியின் மேஜைக்கே போய்ச் சேர்ந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் ஒரு கறுப்பருக்கு சல்யூட் அடிப்பார்களா, அவர் உத்தரவுக்குக் கீழ்ப்படிவார்களா என்று மேலிடத்துக்குக் கவலை. அவரோடு காட்டிலும் சேற்றிலும் கிடந்த சிப்பாய்களுக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. ஏற்கெனவே அவர் சொன்னபடி சண்டை போட்டவர்கள்தானே அவர்கள்!

விலாங்கு மீன் ஏரிக் கரையில்

சாண்டர்ஸ் பிறந்தது 1920-ம் வருஷம் ஆகஸ்ட் 7-ந் தேதி, விக்டோரியாவின் மேற்குப் பகுதியில், பிராம்லிங்ஹாம் என்ற ஆதிக்குடிக் குடியிருப்பில். குண்டிட்ஜ்மரா என்ற இனம். எரிமலைக் கற்களை அடுக்கி வாய்க்கால் வெட்டி, விலாங்கு மீன்களை மடக்கி வளர்த்த ஜனங்கள் இவர்கள். அந்த வாய்க்கால்களுக்கு ஆறாயிரம் வருஷத்துக்கு மேல் வயது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2019-ல் அந்த இடம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 1920-ல் இவர்களை அலைந்து திரியும் காட்டு ஜனங்கள் என்றுதான் பள்ளிப் புத்தகங்கள் எழுதின.

1840-களில் வெள்ளைக் குடியேறிகள் ஆட்டு மந்தைகளோடு வந்தபோது குண்டிட்ஜ்மராக்கள் வருஷக் கணக்கில் எதிர்த்துப் போராடியவர்கள். தோற்றார்கள். மிச்சமிருந்தவர்களைப் பாதிரிமார் நடத்திய மிஷன் நிலங்களில் கொண்டு போய் வைத்தார்கள்.

ரெஜ் சின்னஞ் சிறுவனாக இருக்கும்போதே தாயார் காலமானார். தகப்பனார் கிரிஸ் சாண்டர்ஸ் இரண்டு பையன்களையும் லேக் கொண்டா என்ற மிஷனுக்கு அழைத்துப் போய்ப் பாட்டியிடம் விட்டார். ரெஜ், தம்பி ஹாரி, இருவரையும் வளர்த்தது அந்தப் பாட்டிதான். மிஷன் பள்ளியில் படிப்பு. பதினாலு வயதில் படிப்பு முடிந்தது. பிறகு மர அறுப்பு மில்லில் வேலை.

பட்டாளம் என்பது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. தகப்பனார் முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸில் சண்டை போட்டுத் திரும்பியவர். மாமன் வில்லியம் ரெஜினால்ட் ராலிங்ஸ் அதே யுத்தத்தில் மிலிட்டரி மெடல் வாங்கியவர். 1918 ஆகஸ்ட் 9-ந் தேதி பிரான்ஸில் மாண்டார். அந்த மாமன் பேரைத்தான் மருமகனுக்கு வைத்தார்கள்.

1939-ல் மறுபடி உலக யுத்தம். ஆஸ்திரேலிய ராணுவத்தின் கொள்கை என்ன? ஐரோப்பிய வம்சத்தில் வராதவர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பது அவசியமுமில்லை, விரும்பத்தக்கதுமில்லை என்பதுதான். கட்டாய ராணுவ சேவையிலிருந்தும் சட்டம் அவர்களை ஒதுக்கி வைத்திருந்தது. ஆனால் ஆள் எடுக்கும் ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு ஆள் வேண்டும். திடகாத்திரமான வாலிபன் எதிரே வந்து நின்றால் பல இடங்களில் சட்டத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துச் சேர்த்துக் கொண்டார்கள். 1940 ஏப்ரல் 24-ந் தேதி ரெஜ் சாண்டர்ஸ் கையெழுத்திட்டார். அப்போது வயது பத்தொன்பது. பின்னால் தம்பி ஹாரியும் சேர்ந்தார்.

கிரீட் தீவில் ஒரு வருஷம்

சாண்டர்ஸ் சேர்ந்தது 2/7-வது பட்டாலியனில். வட ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து கிரீஸுக்கு அனுப்பினார்கள். 1941 ஏப்ரலில் ஜெர்மானியர் கிரீஸை மிதித்துக் கொண்டு வந்தார்கள். பின்வாங்க வேண்டியதாயிற்று. பட்டாலியனை ஏற்றிக் கொண்டு புறப்பட்ட ‘காஸ்ட்டா ரிக்கா’ என்ற கப்பல் 27-ந் தேதி விமானக் குண்டு வீச்சில் மூழ்கியது. நல்ல வேளையாக எல்லோரையும் பக்கத்தில் வந்த போர்க் கப்பல்கள் தூக்கிக் காப்பாற்றின. உடுத்திய துணியோடு கிரீட் தீவில் போய் இறங்கினார்கள்.

அங்கும் ஜெர்மானியர் விடவில்லை. மே மாதம் பாரசூட்டில் வந்து இறங்கினார்கள். மே 27-ந் தேதி, ‘42-வது தெரு’ என்று பட்டாளத்தார் பெயர் வைத்திருந்த ஒரு பள்ளச் சாலையில் ஆஸ்திரேலியரும் நியூஜிலாந்து மாவோரிகளும் பயனெட்டைச் செருகிக் கொண்டு ஜெர்மன் மலைப் படையின் மேல் பாய்ந்தார்கள். சாண்டர்ஸ் முதன்முதலாக ஒரு மனிதனைச் சுட்டுக் கொன்றது அன்றுதான். ஜெர்மானியர் சுமார் 300 பேர் செத்ததாகச் சொல்வார்கள்.

ஆனாலும் தீவு கைவிடப்பட்டது. எல்லோரும் தெற்குக் கரையில் ஸ்பாக்கியா என்ற மீனவர் கிராமத்துக்கு மலை தாண்டி நடந்தார்கள். மற்றவர்கள் கப்பல் ஏறும் வரை எதிரியைத் தடுத்து நிறுத்தும் வேலை 2/7-வது பட்டாலியனுக்கு. வேலையை ஒழுங்காகச் செய்து விட்டுக் கரைக்கு வந்து பார்த்தால் கடைசிக் கப்பல் போய்விட்டது! ஜூன் முதல் தேதி பட்டாலியனில் பெரும்பகுதி சரணடைந்தது.

சாண்டர்ஸ் சரணடையவில்லை. மலைக்குள் நுழைந்து விட்டார். அடுத்த பதினோரு மாத காலம் குகைகளிலும் ஆட்டுப் பட்டிகளிலும் குடியானவர் வீடுகளிலும் மறைந்து வாழ்ந்தார். கிரேக்க பாஷையைப் பேசக் கற்றுக் கொண்டார். அவருக்கு ரொட்டியும் ஆலிவ் காயும் கொடுத்த ஜனங்கள் சும்மா கொடுக்கவில்லை; தலையைப் பணயம் வைத்துக் கொடுத்தார்கள். சிப்பாய்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்களை ஜெர்மானியர் சுட்டுக் கொன்றார்கள். காண்டானோஸ் என்ற ஊரையே 1941 ஜூன் மாதம் அழித்து, அழித்த விவரத்தைப் பலகையில் எழுதியும் வைத்தார்கள். இந்த நிலைமையில் ஒரு கறுப்பு மனிதரைக் கிரேக்கக் கிராமத்தில் ஒளித்து வைப்பது எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கிராமத்தார் அவரை நிறம் பார்த்துச் சேர்க்கவில்லை. சொந்த நாட்டில் கிடைக்காத ஒன்று அந்தத் தீவில் கிடைத்தது.

1942 மே மாதம் ஒரு படகில் தப்பி வட ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்து, அக்டோபரில் ஊர் திரும்பினார். அடுத்த மாதமே வீட்டில் இழவு விழுந்தது. தம்பி ஹாரி நியூகினியில் ஜப்பானியரோடு நடந்த சண்டையில் நவம்பர் 29-ந் தேதி மாண்டு போனார்.

அண்ணனும் நியூகினிக்குத்தான் போனார். 1943-ல் சார்ஜெண்ட். சலமாவா பக்கத்துக் காடுகளில், பிளட்டூன் அதிகாரி காயம் பட்டு விழுந்ததும் அந்த இடத்தில் நின்று படையை நடத்தினார். இதைப் பார்த்துத்தான் பட்டாலியன் தலைவர் அவரை அதிகாரிப் பயிற்சிக்குச் சிபாரிசு செய்தார். பதினாறு வாரப் பயிற்சி. பிறகுதான் தொடக்கத்தில் சொன்ன அந்தப் புகைப்படம். லெப்டினெண்டாகத் திரும்பிப் போய் நியூகினியில் மறுபடி சண்டை. 1945 மே மாதம் முழங்காலில் இயந்திரத் துப்பாக்கித் தோட்டா பாய்ந்தது. அதே மாதம் நண்பர் டெரிக் போர்னியோவுக்குப் பக்கத்துத் தாரக்கான் தீவில் காயம் பட்டு இறந்தார். யுத்தம் முடிந்த சேதி வரும்போது சாண்டர்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

சம்பள விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும். சாண்டர்ஸ் போல நேரடியாகப் பட்டாளத்தில் சேர்ந்த ஆதிக்குடிகளுக்கு வெள்ளைச் சிப்பாய்க்குள்ள அதே சம்பளம். ஆனால் வடக்கே டாரஸ் ஜலசந்தித் தீவுக்காரர்களைத் தனிப் பட்டாலியனாகத் திரட்டியபோது கொடுத்தது மூன்றில் ஒரு பங்குதான். 1943 கடைசியில் அவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். யுத்த காலத்தில், சீருடையில் இருந்து கொண்டு! அதன் பிறகு மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது. மீதி நிலுவை கைக்கு வர நாற்பது வருஷம் ஆயிற்று. அரியர்ஸ் பில்லுக்காக ஆபீஸ் ஆபீஸாக நடந்தவர்களுக்கு இதன் அர்த்தம் விளங்கும்.

சீருடையைக் கழற்றிய பிறகு

1945 அக்டோபரில் சாண்டர்ஸ் பட்டாளத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். கல்யாணம் ஆகிவிட்டது. மனைவி விமானப் படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர். குடும்பம் நடத்த வேண்டும்.

தோற்ற ஜப்பானில் காவலுக்கு நிறுத்த ஆஸ்திரேலியா ஒரு படையை அனுப்பியது. சாண்டர்ஸ் போகத் தயார் என்றார். ஆதிக்குடிகளை எடுப்பதில்லை என்று பதில் வந்தது. வெள்ளையர் பிளட்டூனை நடத்திச் சண்டை போட்டவர், சண்டையே இல்லாத ஊரில் காவலுக்கு நிற்கத் தகுதியில்லாதவர் ஆனார். கப்பல் சரக்கு ஆபீஸில் குமாஸ்தா, கட்டட வேலையில் கூலி என்று கிடைத்த வேலையைப் பார்த்தார்.

பெரிய அடி நிலத்தில்தான் விழுந்தது. யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு சர்க்கார் விவசாய நிலம் பிரித்துக் கொடுத்தது. எந்த நிலம்? லேக் கொண்டாவில், சாண்டர்ஸ் சகோதரர்கள் ஓடி விளையாடிய அதே மிஷன் நிலம் கூறு போடப்பட்டு வெள்ளைச் சிப்பாய்களுக்குப் போயிற்று. தகப்பன் ஒரு யுத்தம், மாமன் உயிர், தம்பி உயிர், தான் ஐந்தரை வருஷம் என்று கொடுத்த குடும்பத்துக்கும், அந்த ஊரிலிருந்து போய்த் திரும்பிய மற்ற ஆதிக்குடிச் சிப்பாய்களுக்கும் அதில் ஒரு காணி நிலம் கூடக் கிடைக்கவில்லை. மிஷன் பள்ளி 1948-ல் மூடப்பட்டது. அந்த ஜனங்கள் பாறை சுமந்து கட்டிய மாதா கோவிலை 1957-ல் வெடி வைத்து இடித்தார்கள். ஜெர்மானியர் காண்டானோஸில் செய்ததோடு இதை ஒப்பிடக் கூடாதுதான். அங்கே உயிர்ச் சேதம், இங்கே இல்லை. இருந்தாலும் இரண்டு ஊரையும் பார்த்த மனிதருக்கு மனம் எப்படி இருந்திருக்கும்?

பல மாகாணங்களில் ஆதிக்குடிகளுக்கு மதுக்கடையில் மது விற்பதே குற்றம். கூடச் சண்டை போட்ட சிநேகிதர்கள் உள்ளே போனால் கறுப்புச் சிப்பாய் வாசலில் நிற்க வேண்டும்.

கொரியா

இவ்வளவுக்கும் பிறகு 1950-ல் கொரியா யுத்தம் வந்ததும் சாண்டர்ஸ் மறுபடி பேர் கொடுத்தார். இம்முறை எடுத்துக் கொண்டார்கள். 3-வது ஆஸ்திரேலிய ரெஜிமெண்ட் பட்டாலியனில் சேர்ந்து, காப்டன் பதவிக்கு உயர்ந்து, ‘சி’ கம்பெனியின் தலைவரானார். ஒரு கம்பெனி என்றால் நூறு பேருக்கு மேல்.

அந்த பட்டாலியன் இருந்தது 27-வது பிரிட்டிஷ் காமன்வெல்த் பிரிகேடில். அதே பிரிகேடில்தான் நம் நாட்டிலிருந்து போன 60-வது பாரசூட் கள ஆம்புலன்ஸும் இருந்தது. துப்பாக்கி தூக்க இந்தியா ஆள் அனுப்பவில்லை; டாக்டர்களையும் மருத்துவச் சிப்பாய்களையும் அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினெண்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பாரசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர்.

அவருடைய படை பிரிகேடில் வந்து சேர்ந்த விதம் ரயில்வேக்காரர்கள் கேட்டு ரசிக்க வேண்டியது. 1950 டிசம்பரில் சீனப் படை வருகிறதென்று பியோங்யாங் நகரைக் காலி செய்கிறார்கள். ஆம்புலன்ஸ் படைக்கு லாரி இல்லை. சாமான்களை அழித்து விட்டு வரும்படி உத்தரவு. மருந்தும் கருவியும் போனால் கொரியாவுக்கு வந்ததே வீண். ஸ்டேஷனில் பார்த்தால் ஒரு பழைய நீராவி எஞ்சினும் சில பெட்டிகளும் நிற்கின்றன. டிரைவர் இல்லை, தண்ணீர் இல்லை, கரி இல்லை. கிடைத்த விறகைப் போட்டார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகக் கை மாற்றி பாய்லரை நிரப்பினார்கள். எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்கள் படையிலேயே இருந்தார்கள், அவர்கள் ஓட்டினார்கள். வண்டி ஆற்றைத் தாண்டிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்து விட்டார்கள். சாமான் அத்தனையும் பத்திரம். சாண்டர்ஸின் பிரிகேடில் அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டது இப்படி வந்து சேர்ந்த மருந்துதான். ரங்கராஜுக்குப் பிற்பாடு மகாவீர் சக்ரா கிடைத்தது.

1951 ஏப்ரல் 22-ந் தேதி சீனர்களின் பெருந்தாக்குதல் ஆரம்பித்தது. தென் கொரியாவின் 6-வது டிவிஷன் சிதறி ஓடி வந்தது. தலைநகர் சியோலுக்குப் போகும் பாதைகளில் ஒன்று காப்யோங் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதன் ஒரு பக்கக் குன்றில் ஆஸ்திரேலியர், மறு பக்கக் குன்றில் கனடாக்காரர். நியூஜிலாந்து பீரங்கிகள் பின்னால். 23-ந் தேதி இரவு ஓடி வரும் அகதிக் கூட்டத்தோடு கலந்து சீனர் வந்து சேர்ந்தார்கள். ராத்திரி முழுவதும், மறுநாள் பகல் முழுவதும் சண்டை. அலை அலையாக ஏறி வந்தார்கள். பட்டாலியன் தலைமையிடமே அடியோடு பெயர்ந்து பின்னால் போக வேண்டியதாயிற்று. மேலே இருந்த ‘டி’ கம்பெனியின் மேல் அமெரிக்க விமானம் ஒன்று தவறுதலாக நேபாம் தீக்குண்டைப் போட்டு இருவர் மாண்டார்கள். 24-ந் தேதி சாயங்காலம் பின்வாங்க உத்தரவு வந்தது. சுற்றிலும் எதிரி, இருட்டு, மலை முகட்டில் ஒற்றை வரிசையாக இறங்க வேண்டும். ஒரு கம்பெனி நின்று சுட, இன்னொன்று இறங்க, பிறகு அது நின்று சுட என்று மாறி மாறி வந்து சேர்ந்தார்கள். காப்டன் சாண்டர்ஸ் தன் கம்பெனியைக் கட்டுக் குலையாமல் கொண்டு வந்தார்.

ஆஸ்திரேலியர் 32 பேர் மாண்டார்கள். 59 பேருக்குக் காயம். சீனர் பக்கம் மாண்டவர்கள் பல நூறு. சியோலுக்கான அந்தப் பாதை அடைபட்டது. அமெரிக்க ஜனாதிபதியின் விருது முழு பட்டாலியனுக்கும் கொடுக்கப்பட்டது.

பொழுது விடிந்தால் ஏப்ரல் 25. ஆஸ்திரேலியாவில் அது ஆன்ஸாக் தினம். 1915-ல் கல்லிப்போலியில் இறங்கிய சிப்பாய்களை நினைத்து நாடே தலை வணங்கும் நாள். தகப்பன், மாமன் காலத்துச் சிப்பாய்களின் வரிசையில் தானும் ஒருவன் என்று அந்தக் காலை வேளையில்தான் தமக்குத் தோன்றியதாக சாண்டர்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் பட்டாளத்தில் சேர்ந்து அன்றைக்குச் சரியாகப் பதினோரு வருஷமும் ஒரு நாளும்.

ஊருக்குத் திரும்பியதும் புதிதாக எடுக்கப்பட்ட வாலிபர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. அதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. 1954-ல் பட்டாளத்தை விட்டார். கிப்ஸ்லாண்ட் காடுகளில் மரம் வெட்டும் காண்டிராக்ட் எடுத்தார். பிறகு சிட்னி நகரம் போய் ஒரு வெண்கலத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தார். மூன்று கண்டங்களில் சண்டை போட்ட காப்டன் மில் சங்கு ஊதினால் வேலைக்குப் போய், மறுபடி ஊதினால் வீட்டுக்கு வந்தார்.

1962-ல் ஹாரி கார்டன் என்ற பத்திரிகையாளர் இவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர், தமிழில் சொன்னால், ‘சங்கடப்படுத்தும் ஆஸ்திரேலியர்’. தலைப்பே விஷயத்தைச் சொல்லி விடுகிறது. கறுப்பர்களால் முடியாது என்று பேசுகிற இடத்தில் இவர் போய் நின்றால் பேசுகிறவர்களுக்குச் சங்கடம். இவருக்குக் கிடைக்காததைக் கணக்குப் போட்டால் சர்க்காருக்குச் சங்கடம்.

1967 மே 27-ந் தேதி ஆஸ்திரேலியாவில் ஒரு பொதுஜன வாக்கெடுப்பு நடந்தது. ஜனத்தொகைக் கணக்கில் ஆதிக்குடிகளைச் சேர்க்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தில் இருந்த விதியை நீக்கவும், அவர்களுக்காகச் சட்டம் செய்யும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்குக் கொடுக்கவும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வோட்டுப் போட்டார்கள். கிரீட் தீவில் அந்தப் பயனெட் சண்டை நடந்து அன்றைக்கு இருபத்தாறு வருஷம். அதுவரை சாண்டர்ஸும் அவர் பெற்ற பிள்ளைகளும் அரசியல் சட்டப்படி கணக்கில் வராத ஆட்கள்தான்!

அதன் பிறகு 1969-ல் ஆதிக்குடிகள் நலனுக்காக ஏற்பட்ட மத்திய சர்க்கார் அலுவலகத்தில் மக்கள் தொடர்பு அதிகாரியாக வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய் ஆதிக்குடி ஜனங்களின் குறைகளைக் கேட்டு மேலிடத்துக்குச் சொல்லும் உத்தியோகம். 1971-ல் எம்.பி.இ. பட்டம் கொடுத்தார்கள். 1985-ல் ஆஸ்திரேலிய யுத்த நினைவு மண்டபத்தின் நிர்வாகக் குழுவில் அங்கத்தினரானார். அதே மண்டபத்தில் ஒரு கூடத்துக்கும் முற்றத்துக்கும் 2015-ல் அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

லேக் கொண்டா மிஷன் நிலம் என்ன ஆயிற்று? 1987-ல் தனிச் சட்டம் போட்டு அதை அந்த ஆதிக்குடி ஜனங்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது சாண்டர்ஸுக்கு வயது அறுபத்தாறு. அவர் உழுது பயிரிட வேண்டிய வயதில் அது வெள்ளைச் சிப்பாய்களின் பட்டாவில் இருந்தது.

1990 மார்ச் 2-ந் தேதி சிட்னியில் அவர் காலமானார். அஸ்தியை லேக் கொண்டாவுக்குக் கொண்டு போய்த் தூவினார்கள்.